உறையிட்ட பவர் சப்ளை கேபிள்: தேர்வும் செய்முறையும்

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி வைக்கத் தொடங்கிய பிறகுதான், உள்ளே கிடக்கும் கேபிள்கள் கண்ணை உறுத்தத் தொடங்கின. ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாகத் துணி உறை மாட்டி, விரும்பிய நிறத்திலும் சரியான நீளத்திலும் அமைத்துக்கொண்டால் பெட்டியின் தோற்றமே மாறிவிடும். ஆனால் நிறத்தை முதலில் தேர்ந்தெடுப்பது தவறான தொடக்கம். கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் உங்கள் பவர் சப்ளை எது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பவர் சப்ளையிலிருந்து கழற்ற முடியாத கேபிள்கள் வருமானால் நீட்டிப்புக் கேபிள் ஒன்றே நடைமுறையில் வழி. பெரும்பாலும் 30 செ.மீ. நீளமுள்ள இது, இருக்கும் கேபிளின் முனையில் செருகப்படுவது. இரு முனைகளிலும் பின்களின் (கனெக்டருக்குள் உள்ள உலோகத் தொடுமுனைகளின்) வரிசை ஒன்றே என்பதால் தவறு நேர வாய்ப்பு குறைவு. கூடுதல் வயரை மதர்போர்டுத் தட்டின் பின்னால் மடித்து ஒளிக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். கேபிள்களைக் கழற்றக்கூடிய மாடுலர் வகையாக இருந்தால் முழுக் கேபிளையே மாற்றலாம். அழகு அதில்தான் அதிகம், ஆபத்தும் அதில்தான்.

காரணம் இது. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிரைவ் ஆகியவற்றின் பக்கம் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது வரையறுக்கப்பட்டது. பவர் சப்ளையின் பக்கத்துக்கு அப்படிப் பொது வரையறை இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமல்ல, ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளேயே வரிசை மாறும். பவர் சப்ளையை மாற்றியபோது, டிரைவ்களுக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிள் புதியதிலும் கச்சிதமாகச் செருகிக்கொண்டதால் அதையே விட்டுவைத்தேன். 5 வோல்ட் போக வேண்டிய தடத்தில் 12 வோல்ட் போனது. பொத்தானை அழுத்தியதும் கருகல் வாடை வந்தது. இரண்டு டிரைவ்கள் போயின. கனெக்டர் பொருந்துவது வேறு, பின் வரிசை பொருந்துவது வேறு.

ஆகவே வயர் வாங்குமுன், பவர் சப்ளையோடு வந்த கேபிளை எடுத்து, மல்டிமீட்டர் என்னும் மின் அளவியை மின்தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையின் ஒவ்வொரு பின்னும் மறு முனையில் எங்கே போகிறது என்று தாளில் குறிக்க வேண்டும். இப்போதைய கேபிள்களில் எல்லா வயரும் கறுப்பாக இருப்பதால் நிறத்தை நம்ப முடியாது. கனெக்டரை வயர் நுழையும் பக்கமிருந்து பார்க்கிறீர்களா, செருகும் முகப்பிலிருந்து பார்க்கிறீர்களா என்பதையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். இதைக் குழப்பிக்கொண்டால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகிவிடும். மதர்போர்டுக்கான 24 பின் கேபிளில் 20ஆம் பின் இப்போது காலியாகவே இருக்கும். 13ஆம் பின்னில், 3.3 வோல்ட்டை அளந்து சொல்லும் மெல்லிய வயர் ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கும். சில மாடல்களில் இக்கேபிளின் பவர் சப்ளைப் பக்க முனை 18 பின், 10 பின் என இரண்டு கனெக்டர்களாகப் பிரிந்திருப்பதற்கு இத்தகைய இரட்டை வயர்களும் ஒரு காரணம்.

வயருக்கு 18 கேஜ் போதும் (கேஜ் என்பது தடிமன் எண்; எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). அதன் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 0.82 சதுர மி.மீ. கிராபிக்ஸ் கார்டுக்கு 16 கேஜ் போடலாம், ஆனால் அதற்கென உள்ள டெர்மினலையும் (வயர் நுனியில் மாட்டி கனெக்டருக்குள் செருகும் உலோகத் துண்டு) சேர்த்து வாங்க வேண்டும். மேல்தோல் தடித்த வயர் உறைக்குள் நுழையாது, டெர்மினலும் அதைப் பிடிக்காது என்பதால், வெளி விட்டம் 2 மி.மீ. அளவில் இருப்பதே நல்லது. செம்பு பூசிய அலுமினிய வயரைத் தவிர்க்க வேண்டும். பிளேடால் இழையைச் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெளுத்திருந்தாலும் உள்ளே சிவக்கும், அலுமினியம் உள்ளேயும் வெளுத்திருக்கும்.

உறையில் பாராகார்ட் என்னும் நைலான் கயிற்றையே நான் பரிந்துரைப்பேன். 550 வகைக் கயிற்றினுள் இருக்கும் ஏழு இழைகளை உருவி எறிந்துவிட்டால் கிடைக்கும் கூடு மென்மையாக வளையும், உள்ளிருக்கும் வயரின் நிறத்தையும் மறைக்கும். பெட் எனப்படும் பிளாஸ்டிக் வலை உறை பளபளப்பானது. விறைப்பாக நிற்கும், வெளிர் நிறங்களில் உள்வயர் தெரியும்.

இந்த வேலையின் உயிர் டெர்மினலை வயரில் நெரிப்பதில் இருக்கிறது. டெர்மினலின் வாலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருப்பதைக் காணலாம்; முன்ஜோடி செம்பையும் பின்ஜோடி மேல்தோலையும் பிடிக்க வேண்டியவை. 3 முதல் 4 மி.மீ. வரை தோலை உரித்து, செம்பு இழை ஒன்றுகூட அறுபடவில்லை என்று பார்த்து, கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்தினால், முன்சிறகுகள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு செம்புக்குள் புதைய வேண்டும். தட்டையாக நசுங்கியிருந்தால் அது சாதாரணக் குறடின் வேலை, வெட்டி எறிந்துவிடுங்கள். நெரித்ததைக் கையால் பலமாக இழுக்க வேண்டும், வரக்கூடாது. பற்றவைத்தால் உறுதி கூடும் என்று சிலர் ஈயம் வைப்பர். அது இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கி, ஊறல் முடியும் இடத்தில் ஒடிய வழிசெய்யும். முதல் இருபது டெர்மினல்கள் பழக்கத்துக்கே செலவாகும். அதற்கும் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு முனை முடிந்ததும் உறையை ஏற்றி, அதன் நுனி டெர்மினலின் பின்சிறகைச் சற்றே மூடும்படி வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் என்னும், சூட்டில் சுருங்கும் குழாயின் துண்டு ஒன்றைப் போட்டுச் சூடாக்க வேண்டும். அது இறுகும்போது உறையின் நுனி உருகி வயரைக் கவ்வும். சூடு ஆறுமுன் துண்டை உருவிவிட்டால் முனை சுத்தமாகத் தெரியும். மறு முனைக்கு உறையை நன்றாக இழுத்துப் பிடித்தபடி இதையே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வயர் எட்டிப் பார்க்கும். கேபிள் வளையும் இடத்தில் வெளிவரிசை வயர்கள் உள்வரிசையைவிட நீளமாக வேண்டும் என்பதால், 24ஐயும் ஒரே அளவில் வெட்டிவிடாதீர்கள்.

8 பின் கிராபிக்ஸ் கேபிள் 150 வாட்டுக்கானது. மூன்று 12 வோல்ட் வயர்களில் வயருக்கு 4.2 ஆம்பியர் அளவே ஓடும். 600 வாட் கொடுக்கும் 16 பின் கேபிளிலோ ஆறு வயர்களில் வயருக்கு 8.3 ஆம்பியர் ஓடும், டெர்மினலும் சிறியது. அதை வீட்டில் செய்யாமல் உங்கள் மாடலுக்கு உரியதை விலைக்கு வாங்குங்கள். பிராசஸருக்கான 8 பின்னும் கிராபிக்ஸுக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் வரிசையில் உள்ளவை.

முடிந்த கேபிளை எதிலும் செருகுமுன் வரைபடத்தோடு ஒவ்வொரு பின்னையும் மீண்டும் சோதித்து, பக்கத்துப் பின்களோடு தொடர்பு இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். பிறகு வேறு எதையும் இணைக்காமல், 24 பின் முனையில் 16ஆம் பின்னை ஓர் எர்த் பின்னோடு சிறு வயரால் இணைத்தால் பவர் சப்ளை ஓடத் தொடங்கும். அப்போது 12 வோல்ட் தடம் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும், 3.3 வோல்ட் 3.14க்கும் 3.47க்கும் இடையிலும் காட்ட வேண்டும். ஒரே ஒரு பின் தவறினாலும் மின்சாரத்தைத் துண்டித்து, தாளுக்குத் திரும்புங்கள்.

அந்தத் தாளை நான் பவர் சப்ளையின் அட்டைப்பெட்டியில் போட்டு வைக்கிறேன். கேபிளின் பவர் சப்ளைப் பக்க முனையில், எந்த மாடலுக்கானது என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் அது தெரியாது.