கணினியில் நரம்பு செல்: எரர் காட்டாத தவறுகள்

நிரல் பாதியில் நின்று எரர் காட்டினால் நல்லதுதான், எங்கே தப்பு என்று தேடிப் பிடித்துவிடலாம். நரம்பு செல்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் நியூரான், பிரையன், நெஸ்ட் போன்ற மென்பொருள்களில் தொல்லை வேறு மாதிரி. எல்லாம் ஒழுங்காக ஓடும், அழகான வரைபடமும் வரும். ஆனால் அது நீங்கள் மனதில் வைத்திருந்த செல்லாக இருக்காது. நாம் சொல்லாமல் விட்டதை மென்பொருள் தானே நிரப்பிக்கொண்டிருக்கும்.

நியூரானில் வெப்பநிலையைக் குறிப்பிடாவிட்டால் அது 6.3 டிகிரி செல்சியஸ். ஏன் இந்த எண்? நரம்பு செல்லின் மின்துடிப்பை விவரித்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட சமன்பாடுகள் கணவாய் மீனின் ராட்சத ஆக்ஸானுக்காக (நரம்பு செல்லின் நீண்ட இழை), அந்த வெப்பநிலையை வைத்து எழுதப்பட்டவை. எலியின் மூளைச் செல்லை மாடல் செய்பவர் இதை மாற்ற மறந்தால், ஃபிரிட்ஜில் வைத்த எலியைத்தான் ஆராய்கிறார். சரி, 37 என்று மாற்றிவிட்டால் போதுமா? போதாது. நியூரானோடு கூடவே வரும் ஹெச்ஹெச் (ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி) சேனல்களின், அதாவது அயனிகள் போய்வரும் வாயில்களின், வேகம் 10 டிகிரிக்கு 3 மடங்கு கூடும், 6.3இலிருந்து 37க்குப் போனால் சுமார் 29 மடங்கு. அந்த வேகத்தில் ஸ்பைக் (செல் எழுப்பும் மின்துடிப்பு) ஒழுங்காக எழவே எழாது. வெப்பநிலையை மாற்றியதில் தப்பில்லை, கணவாயின் சேனலை எலிக்கு மாட்டியதுதான் தப்பு. பாலூட்டிச் செல்லுக்கு அதில் அளந்த சேனல்களையே போடுங்கள். எத்தனை டிகிரியில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது அளவு. நியூரானில் செல்லின் ஒரு பகுதியாகப் புதிதாக ஒரு செக்‌ஷன் உருவாக்கினால் அதன் நீளம் 100 மைக்ரான், விட்டம் 500 மைக்ரான். ஆமாம், நீளத்தைவிட விட்டம் பெரிது! 20 மைக்ரான் நீளமும் 20 மைக்ரான் விட்டமும் கொண்ட ஒரு சோமாவின் (செல்லின் உடல்) பரப்பு சுமார் 1,257 சதுர மைக்ரான். மாற்றாமல் விட்ட செக்‌ஷனுக்கோ அது 1,57,000க்கும் மேல், அதாவது 125 மடங்கு. சின்ன சோமாவில் 0.1 நானோஆம்பியர் செலுத்தினால் ஒரு சதுர செ.மீ.க்கு 8 மைக்ரோஆம்பியர் கிடைக்கும், ஹெச்ஹெச் செல் தொடர்ந்து ஸ்பைக் எழுப்பும். அதே மின்னோட்டத்தைப் பெரிய செக்‌ஷனில் செலுத்தினால் ஒரு மில்லிவோல்ட்கூட அசையாது. பார்ப்பவர் சேனலில் கோளாறு என்று நினைத்து அதை நோண்ட ஆரம்பிப்பார்.

அசையாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நான் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்தது அதில்தான். பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்குள் ஐகிளாம்ப்பை (செல்லுக்குள் மின்னோட்டம் செலுத்தும் எலெக்ட்ரோடு) உருவாக்கி, அதைத் திருப்பி அனுப்பாமல் விட்டிருந்தேன். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பை என்று அள்ளிவிட்டது. எலெக்ட்ரோடே இல்லாத செல் மைனஸ் 65 மில்லிவோல்ட்டில் நிம்மதியாகத் தூங்கியது. எலெக்ட்ரோடு, சினாப்ஸ் (செல்கள் இணையும் இடம்) என்று உருவாக்கும் ஒவ்வொன்றையும் செல்லின் கிளாஸிலோ ஒரு லிஸ்ட்டிலோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெண்ட்ரைட் (செல்லின் கிளை) எவ்வளவு நீளமாக இருந்தாலும், சொல்லாவிட்டால் நியூரான் அதை ஒரே துண்டாகத்தான் கணக்கிடும். எத்தனை துண்டு என்று சொல்லும் என்செக் எண்ணை ஒற்றைப்படையாக வையுங்கள், நட்டநடுவில் ஒரு புள்ளி எப்போதும் இருக்கும். அப்புறம் அதை 3 மடங்காக்கி ஓட்டுங்கள். விடை மாறினால் முதலில் வைத்தது போதவில்லை.

அலகு விஷயத்தில் பிரையன் கறார்: மில்லிவோல்ட்டையும் நானோஆம்பியரையும் கூட்டப் பார்த்தால் உடனே நிறுத்திவிடும். நெஸ்ட்டில் நீங்கள் கொடுப்பது வெறும் எண். மின்னோட்டம் அங்கே பிகோஆம்பியரில், நியூரானின் ஐகிளாம்ப்பில் நானோஆம்பியரில். ஒன்றில் 0.1 என்று எழுதியது மற்றொன்றில் 100. பிரையனுக்கும் தன் பங்குக்கு ஒரு பலவீனம் உண்டு. கணக்கிடும் முறையைச் சொல்லாவிட்டால், ஹெச்ஹெச் போன்ற நேரியல் அல்லாத சமன்பாடுகளுக்கு ஆய்லர் முறையை எடுத்துக்கொள்ளும், 0.1 மில்லிசெகண்ட் நேரப் படியில். எண்கள் வெடித்துவிடும். எந்த முறையை எடுத்தது என்று ஒரு வரியில் சொல்லவும் செய்யும், நாம்தான் படிப்பதில்லை. எக்ஸ்பொனென்ஷியல் ஆய்லரைக் கேட்டு வாங்கி, படியையும் 0.01 ஆக்கிப் பாருங்கள்.

1952 கட்டுரையிலிருந்து சமன்பாட்டை நேராகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. அதில் மின்னழுத்தம் ஓய்வு நிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்றுதான் எழுதியிருப்பார்கள், குறியும் இன்றைய வழக்கத்துக்குத் தலைகீழ். இதைத் திருத்திவிட்டாலும் சோடியம் சேனல் திறக்கும் வேகத்தைச் சொல்லும் ஆல்ஃபா எம் மைனஸ் 40 மில்லிவோல்ட்டில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும்; பொட்டாசியத்துக்கு அதே கதை மைனஸ் 55இல். ஸ்பைக் ஏறும்போது மின்னழுத்தம் மிகச்சரியாக அந்தப் புள்ளியில் விழுவது அபூர்வம் என்பதால் பல நாள் பிரச்சினையே தெரியாது. மின்னழுத்தத்தை ஒரே மதிப்பில் பிடித்து வைக்கும் வோல்டேஜ் கிளாம்ப்பில் 10, 10 மில்லிவோல்ட்டாக ஏற்றிப் பார்க்கும் நாளில் மைனஸ் 40 வரும், வரைபடத்தில் அந்த ஒரு கோடு மட்டும் காணாமல் போயிருக்கும். நியூரானின் ஹெச்ஹெச் கோப்பைத் திறந்தால் விட்ராப் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. இந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.