ஜிப்சிக்கு அடித்தகடு நாமே அடிப்பது எப்படி

காட்டுப் பாதையில் மாருதி ஜிப்சியின் வயிற்றில் கல் அடிக்காமல் இருக்க அடியில் மாட்டுவதுதான் அடித்தகடு. என் முதல் தகடு 6 மி.மீ. கனம். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கி, சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டு, இனி எந்தப் பாறை வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பில் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காபித் தோட்டப் பாதையில் வண்டியை ஏற்றினேன். இரண்டாவது வளைவிலேயே, கீழே துருத்திக்கொண்டிருந்த போல்ட் தலை ஒரு கல்லில் மாட்டி நட்டநடு மேட்டில் வண்டி நின்றுபோனது. பின்னால் எடுத்தால் தகட்டின் பின்விளிம்பு மண்ணை வாருகிறது, முன்னால் நகர்த்தினால் போல்ட் விடவில்லை. சரி, கழற்றிவிடலாம் என்று படுத்துப் பார்த்தால் போல்ட் தலை தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கவே இல்லை. கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துத்தான் வெளியே வந்தோம். தகடு மட்டும் துளிகூட வளையவில்லை, அதுதான் கடுப்பு.

கல்லின் மேல் வண்டியை வழுக்கிக் கடத்திவிடுவதுதான் அடித்தகட்டின் முதல் வேலை, தாங்குகிற பலமெல்லாம் அப்புறம். இப்போது வண்டியில் இருப்பது மூன்றாவது தகடு, 4 மி.மீ. கனம்தான்.

முதலில் வண்டிக்கு அடியில் எது அடி வாங்கும் என்று பாருங்கள். ஜிப்சியில் என்ஜின், கியர் பாக்ஸ், அதன் பின்னால் ஒரு குட்டி இணைப்புத் தண்டு, அதற்குப் பிறகுதான் என்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ். பல வண்டிகளில் கியர் பாக்ஸோடு ஒட்டியே இருக்கும் இந்தப் பெட்டி ஜிப்சியில் தனிக்குடித்தனம், ரப்பர் புஷ்ஷில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டின் முதுகில் வண்டி ஏறி இறங்கும்போது நடு வயிற்றில் இருக்கிற இதுதான் முதலில் தட்டும். ஆகவே முதல் தகடு இதற்கு. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கான தகடு இரண்டாவது, ஏனென்றால் முன் ஆக்ஸில் கொஞ்சம் மறைப்பாக நிற்கிறது. ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையை இந்தத் தகடு எதுவும் காப்பாற்றாது, அது சேசிஸோடு சேராமல் சக்கரத்தோடு ஏறி இறங்குவது, அதற்குத் தனியாகக் கவசம் வேண்டும். தார், பொலேரோ என்று வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு அளவுதான் மாறும், முறை இதேதான்.

படுக்கும் முன் ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். நான்கு ஸ்டாண்ட், சமதளமான சிமென்ட் தரை, வண்டியை ஒரு தடவை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் படுங்கள். வண்டியை ஓட்டி வந்த உடனே படுத்தால் சைலன்ஸர் பைப் முதுகில் முத்திரை குத்திவிடும், ஆறட்டும்.

அட்டையில்தான் பாதி வேலை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி அட்டை மாதிரி தடியாக ஒன்று பிடித்து, கத்திரியும் சாக்பீஸும் டேப்பும் வைத்துக்கொண்டு, தகடு எப்படி வர வேண்டுமோ அப்படியே வெட்டி, மடக்கி, ஒட்டி, வண்டியின் அடியில் பிடித்துப் பாருங்கள். எனக்கு ஐந்து அட்டை வீணானது. ஆறாவதில்தான், முன் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் தகட்டின் முன்சரிவில் இடிக்கும் என்று தெரிந்தது. வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது ஷாஃப்ட் மேலே இருக்கிறது, இடைவெளி தாராளமாகத் தெரிகிறது. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி முன் ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் ஷாஃப்டும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. அதனால் அட்டையை மூன்று நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஆக்ஸில் தொங்கும்போது, சாதாரணமாக நிற்கும்போது, ஒரு சக்கரத்தைக் கல்லில் ஏற்றி ஸ்பிரிங் முழுக்க அமுங்கியிருக்கும்போது. ஷாஃப்ட் வருகிற இடத்தை அட்டையிலேயே அரைவட்டமாக வெட்டிவிடுங்கள். தகட்டில் போய் வெட்டுவது கஷ்டம்.

எந்த இரும்பு? சாதாரண மைல்டு ஸ்டீல் போதும். ஒரு சதுர மீட்டர் தகடு 1 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 7.85 கிலோ, இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையிலேயே கணக்குப் போடலாம். 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் உள்ள தகடு 4 மில்லியில் 9.4 கிலோ, 6 மில்லியில் 14 கிலோவுக்கு மேல். ஜிப்சியே ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டி, 1.3 லிட்டர் என்ஜின், அதன் தலையில் இரும்பைக் கட்டினால் ஏற்றத்தில் அழும். தட்டையான தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பது உண்மைதான், 3 மில்லியை 4 ஆக்கினால் இரண்டே கால் மடங்குக்கு மேல் விறைப்பு கிடைக்கும். ஆனால் இரண்டு பக்க விளிம்பையும் 30 மி.மீ. மேல்நோக்கி மடக்கினால் கிடைக்கிற விறைப்பு அதைவிட எவ்வளவோ அதிகம், எடையும் அவ்வளவாகக் கூடாது. என் 6 மி.மீ. பலகையைவிட ஓரம் மடக்கிய இந்த 4 மி.மீ. தகடு ஆடாமல் நிற்கிறது.

சேலத்துக்காரன் என்பதால் "எஸ்எஸ் தகடு போட வேண்டியதுதானே, ஊரிலேயே ஸ்டீல் பிளான்ட் இருக்கே" என்று கேட்காதவர் இல்லை. துரு பிடிக்காது, சரி. விலை அதிகம், ஓட்டை போடும்போது டிரில் பிட் நழுவி ஒரே இடத்தில் தேய்த்தால் அந்த இடம் இறுகிப்போய் அடுத்த பிட்டையும் தின்றுவிடும். அலுமினியம் நல்ல யோசனை. 6 மி.மீ. அலுமினியத் தகடு விறைப்பில் 4 மி.மீ. இரும்புக்குச் சற்று மேலேயே நிற்கும், எடை பாதிதான். ஆனால் மடக்குவதாக இருந்தால் 5052 ரகம் கேளுங்கள், 6061 டி6 ரகத்தை நெருக்கமாக மடக்கினால் கோட்டிலேயே விரிசல் விடும். கல்லில் உரசும்போது அலுமினியம் இரும்பைவிடக் கொஞ்சம் பிடிக்கும், வெல்டிங்குக்கு ஆர்கான் வாயுவில் பற்றவைக்கும் டிக் மெஷின் வேண்டும். நமக்கு ஆர்க் வெல்டிங் மெஷின்தான் வாய்த்திருக்கிறது, ஆகவே இரும்பு.

வெட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அட்டையைத் தகட்டில் வைத்துக் கோடு போட்டு கிரைண்டரில் வெட்ட வேண்டியதுதான். கண்ணாடி, கையுறை, வீல் கார்டு மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். கட்டிங் வீல் உடைந்து தெறிப்பதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், போதும்.

மடக்குவதற்கு பென்டிங் மெஷின் இருக்கும் பட்டறைக்கு எடுத்துப்போனால் ஐந்து நிமிட வேலை. மடிப்பின் உள்வளைவு தகட்டின் கனத்துக்குக் குறையக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மெஷின் இல்லையென்றால் மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் பாதி ஆழம் கீறி, எச் பீம் ஓரத்தில் கிளாம்ப் போட்டு மடக்கி, கீறிய இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, அடிப்பக்கம் வழவழவென்று இழைத்துவிட வேண்டும். முன்விளிம்பு ஏர்க்கலப்பை மாதிரி மண்ணைக் குத்தாமல் சறுக்கு வண்டியின் மூக்கு மாதிரி மேலே ஏற வேண்டும், 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக வேண்டாம். பின்விளிம்பையும் அதே மாதிரி ஏற்றிவிடுங்கள், ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இரண்டு தகடுகளை அடுத்தடுத்துப் போடுவதானால் ஓடு வேய்கிற கணக்கு: முன் தகட்டின் பின்விளிம்பு கீழே, அடுத்த தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கல் அந்த இடுக்கில் நுழைந்து தகட்டையே உரித்துவிடும். வலு சேர்க்கும் பட்டைகளை எப்போதும் மேல்பக்கம் மட்டும் வையுங்கள். வெல்டிங்குக்கு 3.15 மி.மீ. ராடு, 100 முதல் 110 ஆம்பியர், ஒரே மூச்சில் இழுக்காமல் இங்கே ஒரு அங்குலம் அங்கே ஒரு அங்குலம் என்று வைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளாது.

இனி மாட்டுவது. இதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். சேசிஸில் வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் அந்த இடத்தின் குணம் மாறிவிடும், விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்திலிருந்துதான் கிளம்பும். ஜிப்சியின் சேசிஸ் பெட்டி வடிவம், குறுக்கே ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்கினாலும் சுவர் உள்ளே நசுங்கும். நான் செய்தது கிளாம்ப்: சேசிஸ் ரெயிலுக்கு மேலே ஒரு 6 மி.மீ. பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஒரு போல்ட். இப்படி நான்கு கிளாம்ப், அவற்றில் இரண்டு குறுக்குப் பைப், தகடு அந்தப் பைப்பில் உட்காருகிறது. ரெயிலோடு ஒட்டிப் போகும் பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் கிளாம்ப் நசுக்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். என்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் எதன் உடம்பிலும் தகட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தாதீர்கள், கல் அடிக்கிற அடி நேரே அந்த வார்ப்புக்குப் போய்விடும். வண்டியிலேயே ஏதாவது டாக் (சின்ன வெல்டிங் பொட்டு) வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி பாவம்.

போல்ட் எம்10 (10 மி.மீ. விட்டம்), 8.8 கிரேடு, எளிதில் தளராத நைலாக் நட்டு, 45 நியூட்டன் மீட்டர் முறுக்கம். அந்த நாசமாய்ப் போன போல்ட் தலையைக் கீழே துருத்தாமல் வைப்பது எப்படி? தகட்டுக்குள் தலை புதையும் எம்10 கவுன்டர்சங்க் போல்ட்டுக்கு 4 மி.மீ. தகட்டில் ஆழம் போதாது. நான் கண்டுபிடித்த வழி பழைய பேரிங் வளையம். ஓட்டை வரும் இடத்தை கேஸ் டார்ச்சில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி தகட்டைத் திருப்பி, அடியில் பேரிங்கின் வெளி வளையத்தை வைத்து, உருண்டை முனை உள்ள பஞ்ச்சால் நான்கு அடி கொடுத்தால், பணியாரக் குழி மாதிரி ஒரு பள்ளம் விழும். ஆறிய பிறகு குழியின் நடுவில் ஓட்டை. போல்ட் தலை அதற்குள் ஒளிந்துகொள்ளும், கல் மேலே வழுக்கிப் போகும். குழியில் மண் அடைத்துக்கொள்ளும், கழற்றும் முன் ஆணியால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, அது பரவாயில்லை. பைப் பக்கத்து ஓட்டைகளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழைத்துவிடுங்கள், தகடு கொஞ்சம் வளைந்துவிட்டால்கூடத் திரும்ப மாட்ட முடியும்.

தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 25 மி.மீ. இடைவெளி வேண்டும். என்ஜினும் டிரான்ஸ்பர் கேஸும் ரப்பரில் தொங்குபவை, கிளட்ச் விடும்போது குதிக்கும். நின்ற வண்டியில் அளந்தால் ஏமாந்துபோவோம். கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவை, நான்கைந்து எலுமிச்சை அளவு உருண்டையாக, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி, தகட்டின் உள்பக்கம் அங்கங்கே ஒட்டிவைத்து மாட்டுங்கள். மேடு பள்ளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கழற்றினால் எது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரியும், அந்தக் கனம்தான் உண்மையான இடைவெளி. எனக்கு ஒரு உருண்டை 7 மில்லிக்கு நசுங்கியிருந்தது, கிளாம்ப்பில் வாஷர் சேர்த்து இறக்கினேன். வீட்டில் மாவு எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

ஆயில் இறக்கும் திருகுக்கு நேரே 60 மி.மீ. ஓட்டை ஒன்று, இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டை இறக்க வேண்டும். சேறு வடிய அங்கங்கே சின்ன ஓட்டைகள், ஓரங்களை இழைத்துவிடுங்கள். காய்ந்த இலைதான் என் பெரிய பயம். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் சருகு பாதை முழுக்கக் கிடக்கும், அது தகட்டுக்கு மேலே சேர்ந்து சைலன்ஸர் பைப்பைத் தொட்டால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. எனவே பைப்புக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் உள்ள வண்டியென்றால் அதற்கும் நேர்கீழே தகடே வராதபடி வெட்டிவிட்டேன். கருகல் வாசனை வந்தால் வண்டியை நிறுத்தி அடியில் டார்ச் அடித்துப் பார்க்காமல் நகரமாட்டேன்.

பெயின்ட் ரெட் ஆக்சைடு ஒரு கோட், கறுப்பு எனாமல் ஒரு கோட், அவ்வளவுதான். அடிப்பக்கம் எப்படியும் முதல் கல்லிலேயே போய்விடும். கால்வனைஸ் தகடு கிடைத்தால் வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சை இழைத்து எடுக்காமல் வைக்காதீர்கள், அந்தப் புகையில் காய்ச்சலே வரும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, முன்பக்க கிராஷ் கார்டுகளை அகற்றச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே பம்பருக்கு முன்னால் எதுவும் நீட்டாதீர்கள், முன்மோதலில் நசுங்க வேண்டிய பாகங்களோடு தகட்டைப் பிணைக்காதீர்கள், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மாட்டிய பிறகு 50 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள், ஒன்றிரண்டு கட்டாயம் தளர்ந்திருக்கும். முதல் காட்டுப் பாதைக்குப் போய்வந்ததும் தகட்டைக் கழுவிவிட்டுக் கீறல்களைப் பாருங்கள். நீளமாக, முன்னிருந்து பின்னாக ஓடும் கோடுகள் என்றால் வழுக்கியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஆழமாகக் குத்தி நின்ற தழும்பு இருந்தால் அங்கே ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது, கிரைண்டரை எடுங்கள். என் தகட்டில் இப்போது இடதுபக்க முன்மூலையில் அப்படி ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேலை அதுதான்.