4கே போட்டும் ரன்வே மங்கலா தெரியுதா? ஃப்ளைட் சிமுலேட்டர் டிஸ்ப்ளேல நடக்குற தப்புங்க

4கே ப்ரொஜெக்டர் வாங்கியாச்சு, இனி எல்லாம் பளிச்னு தெரியும்னு நம்புறதுதான் முதல் தப்பு. மொத்தம் எத்தனை பிக்சல்னு கண்ணு கேக்காது, பார்வைக் கோணத்துல டிகிரிக்கு எத்தனைன்னுதான் கேக்கும். நல்ல பார்வை உள்ளவங்களுக்கு ஒரு ஆர்க்மினிட் அளவு, அதாவது ஒரு டிகிரிய 60 துண்டா வெட்டினா அதுல ஒரு துண்டு வரைக்கும் பிரிச்சு தெரியும், அப்போ டிகிரிக்கு 60 பிக்சல் வேணும். 4கேல அகலத்துக்கு 3840தான் இருக்கு, அத 120 டிகிரிக்கு இழுத்து விட்டா டிகிரிக்கு 32 வருது, அதுவும் சராசரிதான். தட்டை ஸ்க்ரீனா இருந்தா நடுவுல, அதாவது பைலட் அதிகமா பாக்குற இடத்துல, அதவிட கம்மி.

ஸ்பெக் ஷீட்ல ஆர்க்மினிட் கணக்கு பிக்சலுக்கா, கருப்பு வெள்ளை கோடு ஜோடிக்கான்னு பாத்துக்கோங்க. ஜோடிக்கு குறைஞ்சது ரெண்டு பிக்சல் வேணும், மாத்தி படிச்சா கணக்கு ரெண்டு மடங்கு தப்பிடும்.

ஆனா பெரிய கோட்டை விடுறது அசைவுலதான், சேல்ஸ் பேச்சுல இது வரவே வராது. 60 ஹெர்ட்ஸ் எல்சிடி ஒவ்வொரு ஃப்ரேமையும் கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்ட் அப்படியே பிடிச்சு வச்சிருக்கும், விமானம் திரும்புறப்போ காட்சி செகண்டுக்கு 30 டிகிரி ஓடுதுன்னு வைங்க, கண்ணு அது பின்னாடியே வழுக்கிட்டு போகும், படம் மட்டும் நின்னு நின்னு வரும், அதனால விழித்திரைல அரை டிகிரிக்கு இழுவிடும். அரை டிகிரின்னா 30 பிக்சல்! டிகிரிக்கு 60ன்னு காசு கொட்டி வாங்கினது என்ன ஆச்சு? ரெஸ்பான்ஸ் டைம் (பிக்சல் மாற எடுக்குற நேரம்) 1 மில்லிசெகண்ட் பேனல் போட்டாலும் இது போகாது, ஏன்னா பிரச்சனை பிக்சல் மெதுவா மாறுறதுல இல்ல, மாறாம நிக்குறதுல. ஷட்டர் போட்டு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேம்லயும் மீதி நேரம் வெளிச்சத்த மறைச்சு, 4 மில்லிசெகண்ட் மட்டும் காட்டினா இழுவல் 7 பிக்சல் கிட்ட வந்துடும், வெளிச்சமும் கால்வாசிக்கு விழுந்துடும், அதனால ப்ரொஜெக்டர் பிரைட்னஸ முதல்லயே இதுக்கு சேத்து கணக்கு போடணும். சிலர் 240 ஹெர்ட்ஸ் வாங்கி அதே 60 ஃப்ரேம நாலு நாலு தடவ காட்டுவாங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

நைட் சீன்ல ரெண்டு ப்ரொஜெக்டரோட படம் ஒண்ணு மேல ஒண்ணு விழுற பட்டை சாம்பலா தெரியும். ப்ரொஜெக்டரோட கருப்பு முழு கருப்பு இல்ல, சாஃப்ட்வேர்ல அதுக்கு கீழ இறக்கவும் முடியாது, லென்ஸ் முன்னாடி மாஸ்க் வைக்கிறதுதான் சரி. ஸ்க்ரீன் அரைக்கோள வடிவ டோம்னா ஒரு பக்க வெளிச்சம் எதிர்பக்கம் பட்டு கான்ட்ராஸ்ட சாப்பிடும், அதனால பளீர் வெள்ளை பெயின்ட் அடிக்காதீங்க, கொஞ்சம் சாம்பல்தான் நல்லது.

பார்வை ஆராய்ச்சிக்கு அதே டிஸ்ப்ளேய எடுக்குறவங்க, போடுற எண்ணுக்கு நேர் விகிதத்துல வெளிச்சம் வராதத சரிபண்ற காமா கரெக்‌ஷன மறந்துடுறாங்க. 255ல 128 போட்டா பாதி வெளிச்சம்னு நினைப்பாங்க, காமா 2.2ன்னா வர்றது 22 சதவீதம்தான். 8 பிட்ல (0லேருந்து 255 வரைக்கும் படிகள்) பாதி வெளிச்சத்துக்கிட்ட ஒரு படி ஏறினாலே 1 சதவீதத்துக்கு மேல மாறுது, கண்ணு அதவிட சின்ன வித்தியாசத்தயே பிடிச்சிடும், அப்புறம் எங்கேருந்து த்ரெஷோல்ட், அதாவது கண்ணுக்கு தெரியுற மிகச்சின்ன வித்தியாசத்த, அளக்குறது? 10 பிட்டாவது வேணும். அளக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் டிஸ்ப்ளேய சூடாக விடுங்க, வெளிச்சம் அளக்குற மீட்டரயும் பாக்குறவங்க கண்ணு இருக்குற அதே இடத்துல வைங்க.