பழைய பாலிசியையும் புதிய பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

கார் காப்பீட்டின் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் பெரிய எழுத்தில் இருப்பது கட்ட வேண்டிய தொகை மட்டுமே. போன ஆண்டைவிட அது குறைந்திருந்தால் உடனே கட்டிவிடுகிறோம். கூடியிருந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுகிறோம். இரண்டில் எதைச் செய்வதானாலும் அதற்கு முன்பாகப் பழைய பாலிசியில் விவரங்கள் அட்டவணையாக இருக்கும் ஷெட்யூல் பக்கத்தை எடுத்து, புதிய கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஐடிவி (IDV), அதாவது வண்டிக்குக் குறித்த காப்பீட்டு மதிப்பு. கார் திருடு போனாலோ முழுதாகச் சேதமடைந்தாலோ நிறுவனம் தரும் தொகையின் உச்சவரம்பு இதுதான். காரின் இப்போதைய விலைப்பட்டியல் விலை 8 லட்சம் ரூபாய் என்றால், வண்டிக்கு மூன்று வயது கடந்து நான்கு முடியும்வரை 40 சதவீதமும், நான்கு கடந்து ஐந்து முடியும்வரை 50 சதவீதமும் தேய்மானமாகக் கழியும், அதாவது 4.80 லட்சமாக இருந்த ஐடிவி அடுத்த புதுப்பிப்பில் 4 லட்சமாகும். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதே ஐடிவி. பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காகவே சில கொட்டேஷன்களில் ஐடிவியை இன்னும் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். பழுது பார்க்கும் செலவு ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும் என்பதால், 4 லட்சத்துக்குப் பதில் 3 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவரின் கார் 2.25 லட்ச ரூபாய்ச் செலவைத் தாண்டியதுமே கணக்கில் செத்த வண்டியாகிவிடும்.

அடுத்தது நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இது 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறும். ஆனால் சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டுமே கழியும். ஒரு கிளெய்ம் செய்தால், போனஸைக் காக்கும் தனிச் சேர்க்கை இல்லாதவரை, அடுத்த ஆண்டு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்; பிரீமியம் திடீரென்று கூடியதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாயாக இருந்து 50 சதவீதப் போனஸும் இருந்தால், 3,000 ரூபாய்க் கீறலுக்காக 4,000 ரூபாயை இழப்பதில் பொருளில்லை.

நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை நிறுவனங்கள் நிர்ணயிப்பதில்லை, மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு 2022 ஜூன் 1 முதல் ஆண்டுக்கு 3,416 ரூபாய் என்று வைத்தார்கள். ஆகவே ஒரு நிறுவனம் இன்னொன்றைவிட மலிவாகத் தெரிந்தால், அந்த வித்தியாசம் சொந்தச் சேதப் பகுதியிலோ கூடுதல் சேர்க்கைகளிலோதான் இருக்கும்.

2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், முதல் புதுப்பிப்பில் ஒரு குழப்பம் நேர்கிறது. “மூன்று வருடத்துக்கு இருக்கிறதே” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சொந்தச் சேதப் பகுதியை ஓராண்டுக்கு மட்டும் எடுத்திருந்தால் அது அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். அவர்கள் எடுக்க வேண்டியது தனிச் சொந்தச் சேதப் பாலிசி. இரண்டும் சேர்ந்த முழுப் பாலிசி எடுத்தால் மூன்றாம் நபர் பிரீமியத்தை இரண்டு முறை கட்டியதாகும்.

சத்தமில்லாமல் காணாமல் போவது பெரும்பாலும் கூடுதல் சேர்க்கைகள்தான். பம்பர் டு பம்பர் என்று நாம் சொல்லும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத சேர்க்கை) இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். 12,000 ரூபாய் பம்பரில் 6,000 நம் கையிலிருந்து போகும். வண்டிக்கு ஐந்து வயதானதும் பல நிறுவனங்கள் ஜீரோ டெப் தருவதை நிறுத்திவிடுகின்றன. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்கள் இஞ்சின் பாதுகாப்பு என்ற வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இஞ்சின் கெட்டால், சாதாரண முழுப் பாலிசியில் அது பொதுவாக அடங்காது.

நான் ஒருமுறை ஏமாந்தது வேறொரு வரியில். பிரீமியம் குறைந்ததே என்று மகிழ்ந்து கட்டினேன். பின்னால் கதவு நசுங்கி ஒர்க்ஷாப்புக்குப் போனபோதுதான் தன்விருப்பக் கழிவு (கிளெய்மில் நாமே கட்டும் பங்கு) என்று 5,000 ரூபாய் சேர்ந்திருந்தது தெரிந்தது. 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் எப்படியும் உண்டு. அதற்கு மேல் நாமாக ஏற்பதுதான் இது, நான் ஏற்றதாக நினைவே இல்லை.

பணம் கட்டியதும் பாலிசியைப் பதிவிறக்கி, பதிவு எண், இஞ்சின் எண், சேசிஸ் எண், வங்கிக் கடன் விவரம், சிஎன்ஜி கிட் பொருத்தியிருந்தால் அதன் குறிப்பு ஆகியவற்றை ஆர்சியோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் எழுத்து மூலம் எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) கேளுங்கள். காலாவதியான பிறகு புதுப்பிக்கப் போனால் வண்டியை ஆய்வு செய்த பிறகே முழுப் பாலிசி கிடைக்கும். 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும்.