ஆய்விதழ் நடத்துகிறீர்களா? நூலகரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

ஊட்டியில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையிலிருந்து அரையாண்டு ஆய்விதழ் ஒன்றைக் கொண்டுவருகிறேன். நீலகிரியின் மொழிகள், வழக்காறுகள், ஊர்ப்பெயர்கள் இவைதான் எங்கள் எல்லை. கட்டுரை வாங்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும் தவிர ஆசிரியருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் முதல் நான்கு இதழ்கள் வரை நினைத்திருந்தேன். ஐந்தாவது இதழ் நேரத்தில் இணையதளமே காணாமல் போனது. தளம் செய்துகொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரில் வாங்கியிருந்தான். வேலை கிடைத்து வெளியூர் போனவன் புதுப்பிக்க மறந்துவிட்டான். அவனைத் திட்டி என்ன பயன்? கேட்காமல் விட்டது நான். அப்போதுதான் குன்னூர் வழியாக மலை இறங்கி, சமவெளியில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன்.

முதலில் கேட்க வேண்டியது இடம். "நூலகச் சர்வரில் ஓஜேஎஸ் நிறுவித் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்பது அதன் முழுப்பெயர். கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் உருவாக்கிய இலவச மென்பொருள். கட்டுரை வருவது, மதிப்பீட்டாளருக்குப் போவது, திருத்தம், வெளியீடு எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும், தேதியோடு பதிவாகும். அதற்கு முன் என் மதிப்பீட்டுக் குறிப்புகள் பாதி வாட்ஸ்அப்பிலும் பாதி மேசை இழுப்பறையிலும் இருந்தன. தளத்தின் முகவரி பல்கலைக்கழகப் பெயரின் கீழ் இருக்கட்டும். ஆள் மாறினாலும் முகவரி மாறாது.

பெயர் மறைத்து மதிப்பீடு செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டுரையின் தலைப்பில் பெயரை எடுத்துவிட்டால் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளைத் திறந்தால் எழுதியவர் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். நூலகர் மேடம் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

அடுத்தது ஐஎஸ்எஸ்என், அதாவது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்கப் பன்னாட்டு எண். இந்தியாவில் டெல்லியில் உள்ள தேசிய மையம் இதைக் கட்டணமில்லாமல் தருகிறது. அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள் வாங்க வேண்டும். இதழின் பெயரை மாற்றினால் மறுபடி விண்ணப்பம். எட்டாவது இடத்தில் வருவது சரிபார்ப்பு இலக்கம். சில இதழ்களுக்கு அது எக்ஸ் என்ற எழுத்தாகவும் வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. அச்சகத்தில் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து நீக்கிவிட்டார்கள். ஏழு இலக்க எண்ணோடு ஓர் இதழ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இப்போது எழுத்துருவுக்கு வருவோம். தமிழ் இதழ்களுக்கு உண்மையான தலைவலி இங்கேதான். மூத்த பேராசிரியர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். கூகுள் ஸ்காலர் அதில் ஒரு தமிழ்ச்சொல்லைக்கூடக் கண்டுபிடிக்காது. பிறர் எழுத்தோடு ஒத்துப்பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் போட்டால் கதை இன்னும் வேடிக்கை: ஒருமுறை பூஜ்யம் சதவீதம் என்று அறிக்கை வந்தது, நான் மகிழ்ந்து போனேன். மேடம் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை மிஷின் படிக்கவே இல்லை" என்றார். எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி மறுபடி போட்டதில் இரண்டு பக்கம் அப்படியே வேறொருவருடையது.

அதனால் யூனிகோடு அல்லாத கட்டுரையை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றிய பிறகு வரிவரியாகப் படியுங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாக மாறி உளறிக்கொண்டிருக்கும். தோடர் மொழிக் கட்டுரை என்றால் இன்னொரு சுற்று வேலை. அதன் உரசொலிகளும் உருட்டொலிகளும் தமிழ் எழுத்தில் அடங்காது. ஒலிக்குறிகளும் யூனிகோடில் இல்லாவிட்டால் பிடிஎஃபில் கட்டம் கட்டமாக வரும்.

பெயர்களையும் கவனியுங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று. போஜன் என்ற ஒருவரே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டி மூன்று கட்டுரை தந்தால், தேடுதளங்களில் மூன்று ஆட்களாகிவிடுவார். ஒவ்வொருவரிடமும் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணைக் கேளுங்கள். பதினாறு இலக்கம், இலவசம். பதிவு செய்யத் தெரியாதவர்களை நூலகத்துக்கே அனுப்பிவிடுங்கள், பத்து நிமிட வேலை.

ஒற்றுமைச் சோதனை மென்பொருளைச் சொந்தமாக வாங்க வேண்டாம். பல்கலைக்கழக நூலகங்களுக்கான யுஜிசி மையமான இன்ஃப்ளிப்நெட்டின் சோத்சுத்தி திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு அது கிடைக்கிறது; கணக்கு பெரும்பாலும் நூலகத்தின் கையில் இருக்கும். யுஜிசியின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்காக எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நாட்டார் பாடலை மேற்கோள் காட்டினால் எண் ஏறத்தான் செய்யும்.

மதிப்பீட்டாளர் கிடைக்கவில்லையா? இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் அந்தப் பொருளில் முனைவர் பட்டம் வாங்கியவர்களையும் நெறியாளர்களையும் தேடித் தரச் சொல்லுங்கள். கோத்தர் மட்பாண்டம் பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு எனக்கு அப்படித்தான் ஆள் கிடைத்தார்.

படங்கள் விஷயத்தில் நூலகர் கொஞ்சம் கறாராக இருப்பார், இருக்கட்டும். இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. ஒரு தோடர் மந்தின் (குடியிருப்பின்) பழைய படத்தை நான் நீட்டியபோது, எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று கேட்டார். எடுத்தவர் இறந்து அறுபது ஆண்டு தாண்டிய படம்தான். "சரி ஐயா, மந்தில் இருக்கிறவர்களைக் கேட்டீர்களா?" என்றார் அடுத்து. சட்டம் கேட்காத கேள்வி. மறுவாரம் போய்க் கேட்டேன்.

கட்டுரையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது பொருத்தம் என்பதையும் அங்கேயே பேசி முடிவெடுத்து, ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்திலும் அச்சிடுங்கள்.

டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்குமான நிரந்தர இணைய அடையாள எண். அதற்குக் கிராஸ்ரெஃப் என்ற பதிவு அமைப்பு ஆண்டுச் சந்தாவும் கட்டுரைக்கு ஒரு கட்டணமும் டாலரில் கேட்கும். ஒரு துறையால் தாங்காது. நூலகம் உறுப்பினராக இருந்தால் அதற்குக் கொடுத்த முன்னொட்டிலேயே (எண்ணின் முதல் பகுதியிலேயே) எண் வாங்கலாம். தளம் இடம் மாறினால் புதிய முகவரியைத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் எண் இருக்கும், கட்டுரை வராது.

"கேர் பட்டியலில் இருக்கிறதா?" என்று, யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலைப் பற்றி, இன்னும் தொலைபேசி வருகிறது. அந்தப் பட்டியலை யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது. அதைச் சொல்லி ஃபோனை வையுங்கள்.

அச்சுப் பிரதிகளை வீட்டில் அடுக்காதீர்கள். ஆடிச் சாரலில் என் பீரோவில் இருந்த முதல் இதழ் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டது. நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்துவிடுங்கள். காணாமல் போன இணைய இதழ்களை, மிஞ்சிய அச்சுப் பிரதிகளிலிருந்து நூலகத்தில்தான் ஸ்கேன் செய்து மீட்டோம்.

மலையிலிருந்து போகிறவர்கள் முந்தைய இதழ்கள், கட்டுரையாளர் பட்டியல், ஐஎஸ்எஸ்என் கடிதம் மூன்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.