சின்ன ரிவால்வர் வாங்கும் முன் டிரிக்கரை இழுத்துப் பாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போய், தினமும் பாக்கெட்டிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரிவால்வர் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் இருப்பதிலேயே எடை குறைந்த ஒன்றைத்தான் முதலில் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். வாங்கிப் பார்த்ததும் பிடித்துப்போகும், இருப்பதே தெரியாது. ஆனால் அந்த இடத்தில் எடையை மறந்துவிட்டு டிரிக்கரைக் கவனியுங்கள், ஏனென்றால் சின்ன ரிவால்வரில் குறி தப்புவதற்கு டிரிக்கரைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அதற்கும் முன்னால் இங்கே வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். எச்1பி, எஃப்1 மாதிரியான தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம், 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அது இல்லாமல் நண்பரோடு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டால்கூட அது 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இந்தத் தடை கிடையாது. விசாவில் இருந்துகொண்டு யோசிப்பவர்கள் முதலில் வக்கீலிடம் கேளுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பி எதுவும் செய்யாதீர்கள். அப்புறம் மாநிலச் சட்டம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடலில் வைத்துக்கொண்டு போகலாம், நியூயார்க்கிலோ கலிபோர்னியாவிலோ அப்படி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கலிபோர்னியாவில் எந்தெந்தக் கைத்துப்பாக்கி மாடல்களைக் கடையில் புதிதாக விற்கலாம் என்று அரசு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது, அதில் இல்லாத மாடலைப் பற்றிப் படித்து ஆசைப்பட்டுப் பயனில்லை.

சரி, டிரிக்கருக்கு வருவோம்.

ரிவால்வரில் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று வேலை நடக்கிறது: தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வருகிறது, தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமர் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் போகிறது, கடைசியில் விடுபட்டு முன்னால் வந்து அடிக்கிறது. இதுதான் டபுள் ஆக்‌ஷன். இத்தனையையும் விரல் ஒன்றே செய்ய வேண்டியிருப்பதால் இழுப்பு நீளமாகவும் கனமாகவும்தான் இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற பிரபலமான சின்ன ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள், எடை 420 கிராம் பக்கம். அதன் டிரிக்கரை இழுக்கச் சுமார் 12 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான விசையை ஒற்றை விரலால் கொடுக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் அசையாமல் இருக்க வேண்டும் என்றால் எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதனால்தான் எடை குறைய குறையச் சுடுவது கடினமாகிறது, சுட்டதும் கையைப் பின்னால் தள்ளும் உதை வருவதற்கு முன்பே கடினமாகிவிடுகிறது.

லேசான டிரிக்கர் வேறு, வழுக்கலான டிரிக்கர் வேறு. 12 பவுண்டு இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே சீராக நகர்ந்தால் பழகிவிடலாம். 9 பவுண்டுதான், ஆனால் நடுவில் ஒரு இடத்தில் நெருடுகிறது, கடைசிக் கால் அங்குலத்தில் திடீரென்று கனக்கிறது என்றால், அந்த இடத்தில் விரல் தன்னையறியாமல் அதிகமாக அழுத்தும், குழல் முனை ஆடும். கடைசியில் கனப்பதை இங்கே ஸ்டேக்கிங் என்பார்கள். கோல்ட் நிறுவனத்தின் பழைய ரிவால்வர்களில் இது நன்றாகவே தெரியும், 1927-இல் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் அழகான ஆறு தோட்டா ரிவால்வர்தான், ஆனால் இழுப்பின் முடிவில் அந்தக் கனம் உண்டு.

கடையில் இப்படிச் சோதியுங்கள். கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள், கடைக்காரர் உங்கள் கண் முன்னே ஏற்கெனவே திறந்து காட்டியிருந்தாலும் பரவாயில்லை. தோட்டா இல்லாமல் டிரிக்கரை இழுத்துப் பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள், இருந்தால் ஸ்நாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆள் இல்லாத பக்கமாக, எந்தப் பக்கம் நீட்டலாம் என்று அவர் சொல்கிறாரோ அந்தப் பக்கமாக நீட்டி, முதல் தடவை மிக மெதுவாக இழுங்கள். நெருடல் எங்கே, கனம் எங்கே என்று விரல் சொல்லிவிடும். அடுத்து, சுடும்போது இழுக்கும் வேகத்தில் நிறுத்தாமல் ஐந்து தடவை இழுங்கள், கண் முழுவதும் முன் சைட்டின் மேலேயே, அதாவது குழல் முனையில் குறி பார்க்க வைத்திருக்கும் மேட்டின் மேலேயே இருக்கட்டும். ஐந்தாவது இழுப்பிலும் அது நகராமல் இருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது. மூன்றாவதிலேயே கை நடுங்க ஆரம்பித்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விரலை விடும்போது டிரிக்கர் எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரிவால்வரில் டிரிக்கர் முழுக்க முன்னால் வந்த பிறகுதான் அடுத்த இழுப்பு. ரூகர் நிறுவனத்தின் எல்சிஆர் மாடலில் முழுதாக வருவதற்கு முன்பே ஒரு 'கிளிக்' கேட்கும், வந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே மறுபடி இழுத்தால் குண்டு போகாது. அது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி, விரலை முழுசாக விட்டுப் பழகினால் தீர்ந்தது. டிரிக்கரின் முகப்பு வரிவரியாக இல்லாமல் வழவழப்பாக இருக்கட்டும், நீள இழுப்பில் விரல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விரல் எட்டுகிறதா என்பதும் முக்கியம். நுனிச் சதையால் மட்டும் கனமான டபுள் ஆக்‌ஷனை இழுப்பது சிரமம், பலருக்கு முதல் மூட்டுப் பக்கம் வைத்தால்தான் பலம் கிடைக்கும்.

இனி மாடல்கள். டிரிக்கரை மட்டும் வைத்துச் சொன்னால், புதிதாக வாங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது ரூகர் எல்சிஆர்தான். 2009-இல் வந்தது, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகையில் ஐந்து தோட்டா, எடை 380 கிராம் பக்கம், உள்ளே உராய்வைக் குறைக்கும்படி வடிவமைத்த ஒரு கேம் இருப்பதால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இழுப்பு சீராக வரும். பார்க்க அழகாக இருக்காது, பாதி உடல் பாலிமர், ஆனால் வேறு யாரிடமும் கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய தேவையே வராது. கிம்பர் கே6எஸ் முழு ஸ்டீல், ஆறு தோட்டா, 650 கிராம், கடைசியில் கனம் ஏறாத டிரிக்கர். காசு அதிகம். 2017-இல் மறுபடி வந்த கோல்ட் கோப்ராவும் ஆறு தோட்டா, பழைய கோல்ட்டின் ஸ்டேக்கிங் இதில் இல்லை, 700 கிராம் என்பதால் பாக்கெட்டுக்குப் பெரிது, இடுப்பில் பெல்ட்டோடு என்றால் பிரச்சினை இல்லை. ரூகர் எஸ்பி101 இரும்புக் கட்டி மாதிரி, உடையாது, ஆனால் புதிதில் டிரிக்கர் கனம்தான். டாரஸ் 856 விலை குறைவு, ஆறு தோட்டா, ஒன்றுக்கொன்று டிரிக்கர் வித்தியாசப்படும் என்பதால் நீங்கள் சோதித்த அதே துப்பாக்கியையே வாங்குங்கள், அதே மாடலில் இன்னொன்று வேண்டாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே ஃபிரேம் என்ற சின்ன ரிவால்வர் குடும்பம் 1950-இல் சீஃப்ஸ் ஸ்பெஷலோடு தொடங்கியது, இன்றும் உறை, பிடி, ஸ்பிரிங் என்று எல்லாமே எளிதாகக் கிடைப்பது இதற்குத்தான். 442, 642 இரண்டிலும் ஹேமர் உள்ளே மறைந்திருக்கும், துணியில் மாட்டாது. பாக்கெட்டில் வைப்பதாக இருந்தால் வெளியே நீட்டிய ஹேமர் வேண்டவே வேண்டாம். ஆனால் ஹேமர் உள்ளே போனால் அதைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னால் இழுத்து வைக்க முடியாது, ஒவ்வொரு குண்டையும் டபுள் ஆக்‌ஷனில்தான் சுட வேண்டும், அதனால் டிரிக்கர் மோசமாக இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. 2024-இல் வந்த அல்டிமேட் கேரி வரிசையில் சைட்டும் பிடியும் நன்றாக இருக்கின்றன, அதில் .32 எச்&ஆர் மேக்னம் தோட்டாவைச் சுடும் 432 மாடலை, கை பலம் குறைந்தவர்களும் வயதானவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆறு தோட்டா, உதை குறைவு, பயிற்சிக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் போட்டால் இன்னும் மென்மை. அந்தத் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூட, இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

உதை குறைவு என்று .22 என்ற இன்னும் சின்னத் தோட்டாவுக்குப் போகிறவர்களும் உண்டு. அதில் தோட்டாவின் விளிம்பை அடித்துத்தான் வெடிக்க வைக்க வேண்டும், அதற்கு ஹேமர் பலமாக அடிக்க வேண்டும், ஆகவே டிரிக்கர் .38-ஐவிடக் கனமாகவே இருக்கும். விரலில் பலம் இல்லை என்பதற்காக .22 வாங்கினால் நினைத்ததற்கு எதிராகப் போய்விடும்.

.357 மேக்னம் சுடலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு அங்குலக் குழலில் அந்தத் தோட்டாவின் வேகத்தில் நல்ல பங்கு வீணாகிப்போகும், மிச்சம் இருப்பது சத்தமும் தீப்பிழம்பும் கையில் விழும் அடியும்தான். 335 கிராம் எடையுள்ள 340பிடி மாதிரியான மிக லேசான ரிவால்வர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்து சிலிண்டரையே சுழலவிடாமல் பூட்டிவிடலாம். .38-இல் 148 கிரெய்ன் எடைக் குண்டுள்ள வாட்கட்டர் என்ற தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், தட்டையான முனை, மென்மையான உதை, லேசான ரிவால்வரிலும் அடுத்த குண்டுக்குள் சைட் திரும்பி வந்துவிடும்.

பழையது வாங்குவதாக இருந்தால் டிரிக்கர் வழுக்கலாக இருக்கிறது என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். யாராவது ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம். லேசான ஸ்பிரிங் போட்டால் இழுப்பு இனிக்கும், ஹேமர் அடி மட்டும் பலவீனமாகி, சில தோட்டா வெடிக்காமல் போகும். பயிற்சித் துப்பாக்கியில் அது எரிச்சல், உயிரைக் காக்க வைத்திருப்பதில் அது பேராபத்து. காலி என்று உறுதி செய்துகொண்டு, சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக அழுத்தி வைத்து டிரிக்கரை மெதுவாக இழுங்கள், ஹேமர் விழுவதற்கு முன் ஒவ்வொரு அறையும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு அறை பூட்டாமல் தாண்டினாலும் விட்டுவிடுங்கள். மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் தெளிவாக ஆட்டம் தெரியக் கூடாது. அப்புறம் பழைய கோல்ட்டைத் தெரிந்து பழுதுபார்க்கும் ஆட்கள் குறைவு, ஸ்மித்துக்குச் சுலபமாகக் கிடைப்பார்கள்.

முடிந்தால் வாங்குவதற்கு முன் ரேஞ்சில் அதே மாடலை வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். ஏழு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு அளவுக்குள் ஐந்தும் விழுகிறதா என்று பாருங்கள், நிதானமாகத்தான், வேகம் அப்புறம்.

உறைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். டிரிக்கரை முழுக்க மூடும் உறை, பாக்கெட் என்றால் அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது. இப்படிப்பட்ட ரிவால்வர்களில் பெரும்பாலும் தனியாக சேஃப்டி லீவர் கிடையாது, அந்தக் கனமான இழுப்பும் உறையும்தான் பாதுகாப்பு. டிரிக்கரை ரொம்பவும் இளக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வாங்கிய பிறகு டிரிக்கரைப் பழக்கவும் விரலைப் பழக்கவும் சிறந்த வழி, வீட்டில் தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகுவது. தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும், சிலிண்டரை இரண்டு தடவை பாருங்கள், ஸ்நாப் கேப் போடுங்கள், கனமான சுவர் இருக்கும் பக்கமாக நீட்டுங்கள். முன் சைட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து அது விழாமல் இழுக்கப் பாருங்கள். .22 என்றால் காலி அறையில் அடிக்கலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பயிற்சி முடிந்ததும் முடிந்ததுதான், தோட்டா போட்ட பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று இழுக்கப் போய்த்தான் சுவரில் ஓட்டை விழுகிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில், உடம்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், அலமாரி உச்சியோ தலையணைக்கு அடியோ போதாது. 12 பவுண்டு இழுப்பு ஒரு சின்னக் குழந்தையைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள், அது இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தும். டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கைக்கு எட்டும்படி விட்டுவைத்து, அது குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால் உங்கள் மேல்தான் குற்றம். விரல் நுனியில் இருட்டிலும் திறக்கும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன, ரிவால்வர் வாங்கும் அன்றே அதையும் வாங்கி, கம்பியோ திருகோ போட்டு அசையாத ஏதாவதோடு பிணைத்து வைத்துவிடுங்கள்.