ரிவாஸ்டிக்மின் பேட்ச்: பழையதை எடுத்த பிறகே புதியது

அல்சைமர் மறதி நோய்க்கு டாக்டர் ரிவாஸ்டிக்மின் பேட்ச் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? தோலில் ஒட்டும் இந்தப் பட்டை 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உடம்புக்குள் விடும். தினமும் ஒரே நேரத்தில் ஒன்று ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது, ஆபத்தும் அதில்தான்: பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டிவிடுவது.

1. முதலில் தேடுங்கள். முதுகு, இரண்டு மேல்கைகள், மார்பு என எல்லா இடத்தையும் பாருங்கள், தடவியும் பாருங்கள். ஒருநாள் அம்மாவுக்குப் புதியதை ஒட்டிவிட்டு உடை மாற்றினேன். தோள்பட்டைக்குக் கீழே முந்தின நாள் பட்டை, ஓரம் சுருண்டு, அப்படியே இருந்தது. பதறிப்போய் உரித்தேன். அன்று முதல் எடுத்தது, ஒட்டியது, எந்த இடம் என்று மூன்றையும் காலண்டரில் குறிக்கிறேன். மருந்து அளவு மிஞ்சினால் வாந்தி வரும், நாடி தளரும், மயக்கமும் வரலாம். அப்போது ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் உரித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. இடம். முதுகுதான் நல்லது, நோயாளி தானே பிய்த்துவிட முடியாது. முடி, புண், சிவப்பு இல்லாத, சுத்தமான உலர்ந்த தோல் வேண்டும். கிரீமோ பவுடரோ கூடாது. ஒட்டிய அதே இடத்துக்கு 14 நாட்களுக்குத் திரும்ப வராதீர்கள்.

3. ஒட்டுவது. உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள், ஓரங்களையும் சேர்த்து. கத்தரிக்கக் கூடாது. குளிக்கலாம், ஒத்தடம், கடும் வெயில் வேண்டாம்.

4. பழையதை எறிவது. உரித்த பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

5. விட்டுப்போனால். ஞாபகம் வந்ததும் ஒன்று ஒட்டுங்கள், ஈடுகட்ட இரண்டு வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் நீங்களாகத் தொடராதீர்கள். உடம்புக்குப் பழக்கம் விட்டிருக்கும், பெரும்பாலும் ஆரம்ப அளவான 4.6 மில்லிகிராம் பட்டையிலிருந்துதான் மறுபடி ஆரம்பிப்பார்கள், டாக்டரைக் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள், இந்த மருந்தில் பசி குறைந்து இளைப்பதுண்டு. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடங்காமைக்கான மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். சில வகைகள் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் மருந்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.